வேலி யாருடையது?
அணுவாயுதப் பரவல் பற்றிய வல்லரசுக் கொள்கையின் வரலாறு

யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு வேலியைப் பற்றி எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியால்களாக நிற்க, பனையோலையும் கிடுகும் வைத்து அடைத்த வேலிகளுக்கு உள்ளேதான் எமது வாழ்வு தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கின்றது. வேலியால் வளவு காக்கப்படுகின்றது என்பதை நாம் அறிவோம். வேலி அடைக்கின்ற சாட்டில் எல்லைக் கதியாலை நாலு விரற்கடை அயலான் வளவுக்குள் அரக்கி நடுகின்ற வித்தையையும் நாம் அறிவோம். அந்த நாலு விரற்கடைக்காகக் கோடேறிப் பிரக்கிராசிமாருக்கு இருந்த காணியையும் ஈடுவைத்த குடும்பங்கள் எம்மிடையே இல்லாமலில்லை. ஆகவே, வேலி ஒன்றைக் கண்டதும் அதை நல்லதென்றோ கெட்டதென்றோ நாம் உடனே சொல்லிவிடுவதில்லை. அதை நட்டவர் யார், யாருடைய காணியில் நட்டார், எவருடைய மாட்டைத் தடுக்க நட்டார் என்னும் மூன்று கேள்விகளையும் கேட்ட பின்பே தீர்ப்புக் கூறுகின்றோம்.

இந்த மூன்று கேள்விகளையும் உலகின் மிகப் பெரிய வேலி ஒன்றைப் பார்த்து இன்று நாம் கேட்க விரும்புகின்றோம். அணுவாயுதம் மேலும் பல நாடுகளுக்குப் பரவாமல் தடுப்பது எனக் கூறி ஐக்கிய அமெரிக்கா எண்பது ஆண்டுகளாகக் கட்டியெழுப்பியிருக்கும் கொள்கையே அந்த வேலி. அணுக்குண்டு பரவக் கூடாது என்பதில் எமக்குக் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால், 'எவரிடமும் குண்டு இருக்கலாகாது' என்பது ஒரு கொள்கை; 'எம்மிடம் இருக்கலாம், நாம் விரும்பியவரிடம் இருக்கலாம், மற்றையோரிடம் இருக்கலாகாது' என்பது முற்றிலும் வேறான கொள்கை. இரண்டாவதற்கு முதலாவதன் உடையை அணிவித்து உலகின் முன் நிறுத்தியதே இந்த எண்பது ஆண்டுகளின் கதை. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ மட்டும் நடந்த கதையுமல்ல இது. எமது கடற்கரைகளையும் எமது மணலையும் தொட்டு நடந்த கதை.

மணலிலே தொடங்கிய கதை

மின்சாரம் வராத நாட்களில் எமது கோவில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் வெள்ளொளி பரப்பிய பெற்றோமாக்ஸ் விளக்கை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த விளக்கின் உள்ளே தொங்கிய சிறு வலைப்பை எரிந்து சாம்பலாகிய பின்னும் உதிராமல் நின்று ஒளி தந்தது. அதற்குக் காரணம் அதிலே ஊட்டப்பட்டிருந்த தோரியம் என்னும் உலோகத்தின் உப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பிய நகரங்களின் வாயு விளக்குகளெல்லாம் இந்தத் தோரியத்தை நம்பியே எரிந்தன.

இத்தோரியம் இலங்கையிலும் உண்டு என்பதை உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர், பிற்காலத்தில் கலைத்தத்துவ அறிஞராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி. யாழ்ப்பாண வேரையுடைய குடும்பத்தில் 1877இல் கொழும்பிலே பிறந்த அவர், இளமையில் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக இருந்தார். 1904ஆம் ஆண்டு சபரகமுவாவின் இரத்தினக்கற் படிவுகளிலிருந்து கிடைத்த கருநிறக் கனிப்பொருள் ஒன்றை அவர் கவனத்துக்குக் கொண்டுவந்தார். பின்னர் அது புதியதொரு கனிப்பொருளென நிறுவப்பட்டுத் 'தோரியனைற்று' எனப் பெயர்பெற்றது. ஐந்தாண்டுகளின் பின், 1909இல், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோம்பேர்க் என்ற செர்மானிய இரசாயனர் ஆராய்ந்தார். அதிலே தோரியம் செறிந்த மொனசைற்று இருப்பதைக் கண்ட அவர், கன்னியாகுமரிக்கு அண்மையிலுள்ள மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை ஒன்றை நிறுவினார். தமிழ்க் கடற்கரையின் மணல் ஐரோப்பாவின் வீதிகளுக்கு விளக்கேற்றப் போயிற்று. அந்நாளில் அதனை ஆயுதத்தோடு சேர்த்து நினைத்தவர் எவருமிலர்.

இரண்டாம் உலகப்போர் அந்த மணலின் பெயரையே மாற்றிவிட்டது. 1944ஆம் ஆண்டு யூனிலே, முதலாவது குண்டு வெடிப்பதற்கு ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் இருக்கையில், ரூஸ்வெல்ற்றும் சேர்ச்சிலும் இரகசிய உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டனர். உலகில் எங்கெங்கு யுரேனியமும் தோரியமும் உண்டோ அவற்றையெல்லாம் கூட்டாக வாங்கிக் கட்டுப்படுத்தும் நிறுவனம் ஒன்றை அமைப்பது அதன் நோக்கம். பெல்சியக் கொங்கோவின் யுரேனியமும் பிரேசிலினதும் திருவிதாங்கூரினதும் மொனசைற்றும் அவர்களது பட்டியலில் இடம்பெற்றன. பரவற்றடைக் கொள்கையின் முதற் கதியால் இதுவே என நாம் கருதுகின்றோம். அதை நடும்போது கொங்கோ மக்களையோ திருவிதாங்கூர் மக்களையோ எவரும் கேட்கவில்லை. நட்டதும் அவர்களுடைய காணியிலேதான்.

1945 ஓகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோசிமாவும் 9ஆம் நாள் நாகசாகியும் எரிந்தன. மறு ஆண்டு யூன் மாதத்தில் பரூக் என்பவர் அமெரிக்காவின் திட்டமொன்றை ஐக்கிய நாடுகள் சபையின் அணுச்சக்தி ஆணைக்குழு முன் வைத்தார். உலகின் அணுச்சக்தி முழுவதையும் சர்வதேச அதிகாரசபை ஒன்றின் கீழ்க் கொண்டுவருவது என்பது அதன் சாரம். கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. ஆனால், முதலில் மற்றையோர் சோதனைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உடன்பட வேண்டும். அதன் பின்னரே அமெரிக்கா தன் குண்டுகளைக் கைவிடும் என்ற வரிசையும் அதிலே இருந்தது. முதலில் குண்டுகளைத் தடைசெய்து அழிப்போம், பின்னர் கட்டுப்பாட்டைப் பேசுவோம் என்றது சோவியத் தரப்பு. வரிசையைப் பற்றிய அந்த வாதத்தில் திட்டம் மாண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் மக்மாகன் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. குண்டு செய்வதில் தோளோடு தோள் நின்ற பிரித்தானியருக்குக்கூட அதன் இரகசியத்தைச் சொல்ல அச்சட்டம் இடம் தரவில்லை.

பூட்டினால் அறிவைச் சிறைவைக்கலாம் என்ற அந்த நம்பிக்கை மூன்று ஆண்டுகளே நிலைத்தது. 1949இல் சோவியத் நாடும், 1952இல் பிரித்தானியாவும், 1960இல் பிரான்சும், 1964இல் சீனாவும் குண்டை வெடித்தன.

அரிசியும் தோரியமும் மீனும்

1951இல் அமெரிக்கக் காங்கிரஸ் 'பற்றில் சட்டம்' எனப் பேர்பெற்ற ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. போர்முக்கியத்துவம் வாய்ந்த பொருள்களைப் பொதுவுடைமை நாடுகளுக்கு விற்கும் எந்நாட்டுக்கும் அமெரிக்க உதவி கிடையாது என்பதே அது. அணுச்சக்திக்குரிய பொருள்கள் அப்பட்டியலின் தலையில் இருந்தன. இறப்பரும் அச்சட்டத்தின் வலைக்குள் அகப்பட்டது. அமெரிக்கா என்ற ஒரு நாட்டின் சட்டமன்றம் இயற்றிய சட்டம், அதற்கு வாக்களிக்காத ஆசிய மக்களின் அடுப்படி வரை வந்து நின்றதை அடுத்த ஈராண்டுகளில் இரு நாடுகள் உணர்ந்தன.

முதலாவது எமது இலங்கை. அரிசிக்குத் தட்டுப்பாடும் இறப்பருக்கு விலைவீழ்ச்சியும் ஒருங்கே வந்த வேளையில், 1952 டிசெம்பரில் சீனாவுடன் இறப்பர்-அரிசி ஒப்பந்தத்தை இலங்கை செய்துகொண்டது. சோற்றுக்காகச் செய்த அந்த ஒப்பந்தத்தின் தண்டனையாக 1956 வரை அமெரிக்க உதவி இலங்கைக்கு மறுக்கப்பட்டது. இரண்டாவது இந்தியா. 1953இல் சிறு தொகுதித் தோரிய உப்பு போலந்துக் கப்பலொன்றில் சீனாவுக்குப் போனது தெரியவந்ததும், உதவி நிற்கும் என்ற எச்சரிக்கை வாசிங்டனிலிருந்து வந்தது. இந்தியா எவரோடு எப்பொருளை வாணிகம் செய்யலாம் என்பதைப் பிறநாட்டுச் சட்டம் தீர்மானிப்பதை ஏற்க முடியாது என்பதே நேருவின் நிலைப்பாடாக இருந்தது. ஒருவாறு இணக்கம் காணப்பட்டு விவகாரம் அமைதியாக முடிந்தது. ஆயினும், ஒரு காலத்தில் விளக்குக்குத் திரியாகிய மணல், இப்போது ஒரு பெருநாட்டின் உதவியை நிறுத்தவல்ல மணலாகிவிட்டது.

அதே ஆண்டு டிசெம்பர் 8ஆம் நாள் ஜனாதிபதி ஐசனோவர் ஐக்கிய நாடுகள் சபையில் 'சமாதானத்துக்காக அணு' என்னும் திட்டத்தை அறிவித்தார். குண்டு செய்யோம் என உறுதியளிக்கும் நாடுகளுக்கு உலையும் எரிபொருளும் பயிற்சியும் தருவதென்பதே அது. அதன் விளைவாக 1957இல் சர்வதேச அணுச்சக்தி முகவரகம் தோன்றியது. இலங்கையும் அதில் அங்கம் பெற்றது. மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும் அதனால் நன்மை விளைந்ததை மறுப்பது நேர்மையாகாது. ஆனால், சமாதானம் பற்றிய அந்தப் பேச்சின் ஒலி அடங்குமுன், 1954 மார்ச் முதலாம் நாள், பசுபிக் கடலின் பிக்கினித் தீவிலே 15 மெகாதொன் வலுவுள்ள ஐதரசன் குண்டை அமெரிக்கா வெடித்துப் பார்த்தது. அபாய எல்லை என அறிவிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த யப்பானியப் படகு ஒன்றின் மீது வெண்சாம்பல் மழையெனப் பொழிந்தது. படகில் இருந்தோர் 23 பேர். அவர்களுள் வானொலி இயக்குநரான குபோயாமா அதே ஆண்டு செப்டெம்பரில் மாண்டார்.

மயிலிட்டியிலும் குருநகரிலும் பருத்தித்துறையிலும் கடலை நம்பி வாழும் மக்களுக்கு இச்செய்தியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. எல்லை இதுதான் என்று கடதாசியிலே கோடு கீறுகின்றவன் கரையில் இருக்கின்றான்; கோட்டின் எப்பக்கம் நின்றாலும் காற்றையும் நீரையும் தாங்குகின்றவன் கடலில் இருக்கின்றான். 1954 ஏப்பிரல் இறுதியில் கொழும்பிலே கூடிய இலங்கை, இந்தியா, பாக்கித்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்கள், ஐதரசன் குண்டுப் பரிசோதனைகள் நிறுத்தப்பட வேண்டுமெனக் குரல் கொடுத்தனர். வல்லரசுகள் அன்று அதைச் செவிமடுக்கவில்லை. சோவியத் வல்லரசும் இதிலே பின்தங்கி நிற்கவில்லை. 1961இல் ஏறத்தாழ 50 மெகாதொன் வலுவுள்ள குண்டை வெடித்து, மனித வரலாற்றின் மிகப் பெரிய வெடிப்பைச் செய்த அவப்பெயரை அதுவே தேடிக்கொண்டது.

கோடு விழுந்த நாள்

1968 யூலை முதலாம் நாள் அணுவாயுதப் பரவற்றடை ஒப்பந்தம் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டது. பனிப்போரில் எதிரெதிர் நின்ற அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் இதன் வாசகத்தை ஒன்றாக இருந்து வரைந்தன என்பது சிந்திக்கத்தக்கது. முதல்நாளிலேயே கையொப்பமிட்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று; 1979இல் அதை உறுதிப்படுத்தியது. 1970 மார்ச் 5ஆம் நாள் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

இந்த ஒப்பந்தம் உலகத்தை இரண்டு வகுப்புகளாகப் பிரித்தது. 1967 சனவரி முதலாம் நாளுக்கு முன் அணுக்குண்டைச் செய்து வெடித்த நாடு அணுவாயுத நாடு. ஏனையவை அல்லாத நாடுகள். ஐந்து நாடுகள் கோட்டின் உட்புறத்திலும் மற்ற உலகம் வெளிப்புறத்திலும் நின்றன. வெளியே நிற்போர் குண்டைத் தேடமாட்டோம் எனச் சத்தியம் செய்ய வேண்டும். கைம்மாறாக, ஆறாம் உறுப்புரையின்படி, உள்ளே நிற்போர் தமது ஆயுதங்களைக் களைவதற்கு நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்த வேண்டும். வெளியே நின்றவரின் கடமைக்குப் பரிசோதகர்கள் வந்தனர். உள்ளே நின்றவரின் கடமைக்குத் தவணை நாள்கூடக் குறிக்கப்படவில்லை. குடியானவனின் கடனுக்குத் தவணையும் வட்டியும் எழுதி, காணிக்காரனின் கடனுக்கு 'வசதிப்பட்டபோது' என்று எழுதிய உறுதியைப் போன்றது இது.

இன்னுமொரு செய்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். கோடு கீறப்பட்ட அந்த 1967ஆம் ஆண்டிலேதான் அமெரிக்காவின் அணுவாயுதக் கையிருப்பு அதன் வரலாற்றின் உச்சத்தை எட்டியிருந்தது. அந்த அரசே பின்னாளில் வெளியிட்ட கணக்கின்படி அத்தொகை 31,255. படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோவில் என்று எமது முன்னோர் சொன்னது இத்தகையோரைப் பார்த்துத்தான் போலும்.

அரக்கிய கதியால்கள்

கோடு எல்லோருக்கும் ஒரே இடத்தில் நின்றதா என்று பார்ப்போம்.

பிரித்தானியா நட்பு நாடு. மக்மாகன் சட்டம் 1958இல் அதற்காகத் தளர்த்தப்பட்டது. 1963இல் அணுகுண்டு தாங்கிச் செல்லும் பொலாறிஸ் ஏவுகணைகளை அதற்கு விற்க அமெரிக்கா உடன்பட்டது. சில ஆண்டுகளில் அந்த விலையில் 1 கோடி 40 இலட்சம் டொலர் இரகசியமாகக் கழிக்கப்பட்டது. எதற்காக? எமது இந்து சமுத்திரத்தின் நடுவே, சாகோஸ் தீவுக் கூட்டத்திலுள்ள தியாகோ கார்சியாவை அமெரிக்கத் தளமாக்குவதற்காக. 1965இல் அத்தீவுகள் மொறீசியசிலிருந்து பிரிக்கப்பட்டன. 1966இல் தளத்துக்கான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1968க்கும் 1973க்கும் இடையில் அங்கே பரம்பரையாக வாழ்ந்த தீவக மக்கள் அனைவரும் அகற்றப்பட்டனர். அவர்களின் தொகை 1,500க்கும் 2,000க்கும் இடைப்பட்டதெனக் கணிக்கப்படுகின்றது. தென்னந்தோட்டங்களில் உழைத்த அந்த ஏழை மக்களின் ஊர், ஏவுகணை விலையிலே ஒரு கழிவாகிப் போயிற்று. பரவலைத் தடுப்பதாகக் கூறிய அதே கை, நண்பனுக்கு ஆயுதத்தைப் பரப்பியது. அதற்கான கூலியை எமது சமுத்திரத்து மக்களிடம் அறவிட்டது. உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் வலிகாமம் வடக்கின் வீடுவாசல்களை ஆண்டுக்கணக்காக இழந்து நின்ற எமது மக்களுக்குத் தீவகத்தாரின் அந்தத் துயரம் அந்நியமானதன்று.

இசுரேல் ஒப்பந்தத்தில் ஒப்பமிடவில்லை. 1969இல் நிக்சனும் கோல்டா மெயிரும் கண்ட இணக்கத்தின் பின், அதன் ஆயுதம் பற்றி அமெரிக்கா வாய்திறப்பதை நிறுத்திக்கொண்டது. பாக்கித்தான் கதையோ இன்னும் தெளிவானது. அணுவாயுத முயற்சிக்காக 1979இல் அந்நாட்டின் உதவி வெட்டப்பட்டது. அதே ஆண்டு இறுதியில் சோவியத் படை ஆப்கானித்தானுள் புகுந்ததும் பாக்கித்தான் தேவைப்பட்டது. 1981இல் உதவி பன்மடங்காகத் திரும்பியது. 1985இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி அந்நாட்டிடம் குண்டு இல்லையென அமெரிக்க ஜனாதிபதி ஆண்டுதோறும் சான்று வழங்க வேண்டியிருந்தது. 1989 வரை சான்று வழங்கப்பட்டது. சோவியத் படை வெளியேறிய பின், 1990இல், அச்சான்று மறுக்கப்பட்டது. கதியால் அங்குமிங்கும் அசைந்ததற்குக் காரணம் குண்டன்று. குண்டை வைத்திருப்பவன் எந்தப் பக்கத்தவன் என்பதே.

இந்த நிலையில்தான் 1971 ஒக்டோபரில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும் பிரேரணையை ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைத்தார். டிசெம்பர் 16ஆம் நாள் அது 61 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்து எவரும் வாக்களிக்கவில்லை. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரித்தானியாவும் பிரான்சும் உட்பட 55 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. அதே நாளில் டாக்காவிலே பாக்கித்தான் படை சரணடைந்தது. அமெரிக்காவின் அணுவிசைக் கப்பலான 'என்ரபிறைஸ்' வங்கக் கடலை நோக்கி அனுப்பப்பட்டிருந்தது. உள்நாட்டிலே எம்மவரின் உரிமைகளை மதியாத அரசுதான் அது. அடுத்த ஆண்டே வந்த அரசியல் யாப்பு அதற்குச் சான்று. எனினும், சிறிய நாடொன்று வல்லரசுகளின் முகத்துக்கு நேரே நின்று சொன்ன அந்தச் சொல் நேர்மையான சொல் என்பதை ஒப்புக்கொள்வதில் எமக்குத் தயக்கமில்லை.

எதிர்க்கரையிலே

பாக்குநீரிணையின் மறுகரையைப் பார்ப்போம். இந்தியா 1968இன் ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தது. உலகை இரு வகுப்பாகப் பிரிக்கும் கோடு அநீதியானது என்ற அதன் வாதம் நியாயமானதே. ஆனால், அநீதியான கோட்டை அழிப்பதற்குப் பதிலாக அதன் உட்புறத்துக்குத் தாவவே இந்திய ஆளும் வர்க்கம் முனைந்தது. 1974 மே 18இல் பொக்ரானில் வெடித்த சாதனத்துக்குரிய புளுத்தோனியம், சமாதானத் தேவைக்கெனக் கனடா வழங்கிய உலையிலிருந்து, அமெரிக்கா வழங்கிய கனநீரின் துணையோடு பெறப்பட்டது. அதிர்ச்சியுற்ற அமெரிக்கா அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழுவை அமைப்பதில் முன்னின்றது. 1978இல் புதுச்சட்டம் இயற்றி, தான் எரிபொருள் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த தாராப்பூர் உலைக்கும் அதை நிறுத்த வழிசெய்தது.

1998 மே மாதத்தில் இந்தியா மீண்டும் வெடித்தது. சில நாட்களில் பாக்கித்தானும் வெடித்தது. பொருளாதாரத் தடைகள் வந்தன, போயின. 2008இல் அமெரிக்காவே முன்னின்று அந்த வழங்கு நாடுகளின் குழுவிடம் இந்தியாவுக்கு விலக்குப் பெற்றுக் கொடுத்தது. சீனா வளர்ந்துவிட்டது; இந்தியா தேவைப்பட்டது. கதியால் மீண்டும் அரக்கப்பட்டது.

இந்த முறை கதியால் விழுந்த இடம் தமிழரின் கடற்கரை. 2006இல் இந்தியா தனது உலைகளை இரண்டாகப் பிரித்தது: 14 உலைகள் சர்வதேசப் பரிசோதனைக்கு உட்பட்டவை, 8 உலைகள் வெளியே நிற்பவை. சோவியத் ஒப்பந்தத்தில் உருவான கூடங்குளம் உள்ளே. கல்பாக்கத்து இரு உலைகளும் அங்கே எழுந்த வேக ஈனுலையும் வெளியே. அவற்றின் புளுத்தோனியம் எங்கே போகின்றதென்று கேட்கும் உரிமை எந்த உலகப் பரிசோதகருக்கும் கிடையாது. அயலிலே வாழும் மீனவருக்கோ கேட்கவே வேண்டியதில்லை.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது கல்பாக்கத்து உலையின் கடல்நீர்ப் பம்பிக்கூடத்துள் நீர் புகுந்தது. உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஊழியர் குடியிருப்பிலோ பலர் மாண்டனர். அதே காலையில் அதே அலை வடமராட்சி கிழக்கின் மணற்காட்டையும் உடுத்துறையையும் மருதங்கேணியையும் வாரிச் சென்றது. 'உட்பட்டது', 'வெளிப்பட்டது' என்ற பிரிவினை அலைக்குத் தெரியாது.

எம்மவர் சிலர் 1998இன் வெடிப்பைக் கண்டு உள்ளூரப் பூரித்ததையும் நாம் மறைக்க விரும்பவில்லை. அம்முயற்சியின் முன்னணியில் நின்ற அப்துல் கலாம் எமது கரைக்கு எதிரேயுள்ள இராமேசுவரத்தில் பிறந்த தமிழர். அவருடைய எளிமையையும் கல்விப்பற்றையும் மதிக்கின்றோம். ஆயினும், குண்டுக்கு மொழியில்லை. தமிழன் செய்த குண்டு தமிழனைச் சுடாது என எண்ணுவது பேதைமை.

நியூயோர்க்கும் நவாலியும்

1968இன் ஒப்பந்தத்துக்கு 25 ஆண்டு ஆயுள் வகுக்கப்பட்டிருந்தது. 1995 ஏப்பிரலில் நியூயோர்க்கிலே அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் மாநாடு கூடியது. அதற்குத் தலைமை தாங்கியவர் இலங்கை இராசதந்திரியான ஜயந்த தனபால. காலவரையின்றி ஒப்பந்தத்தை நீடிக்க வேண்டுமென்று அமெரிக்கா கடுமையாக முயன்றது. மே 11ஆம் நாள் வாக்கெடுப்பின்றி அவ்வாறே முடிவாயிற்று. ஆயுதக் களைவுக்கான கோட்பாடுகளும் ஆய்வு முறையும் கைம்மாறாக வாக்களிக்கப்பட்டன. தனபாலவின் திறமையையும் நல்லெண்ணத்தையும் நாம் ஐயுறவில்லை. ஆயுதக் களைவுக்கே தம் வாழ்நாளை அளித்தவர் அவர். ஆனால், கோடு நிரந்தரமாயிற்று. வாக்குறுதியோ வாக்குறுதியாகவே நின்றது. நான்கு ஆண்டுகளின் பின் அணுப்பரிசோதனை முழுத்தடை ஒப்பந்தத்தை அமெரிக்க மேற்சபை 51க்கு 48 என்ற வாக்குகளால் நிராகரித்தது.

மாநாடு முடிந்து இரு மாதங்கள் கழியுமுன், 1995 யூலை 9ஆம் நாள், படை முன்னேற்றத்துக்கு அஞ்சி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் சுற்றாடலிலும் தஞ்சம் புகுந்திருந்த எமது மக்கள் மீது இலங்கை விமானப்படையின் குண்டுகள் வீழ்ந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவை அணுக்குண்டுகளல்ல, எந்த ஒப்பந்தத்தின் வேலியும் அவற்றைத் தடுக்கவில்லை. பேரழிவு ஆயுதம் பற்றி உலக அரங்கில் பேசிய ஒரு நாட்டிலே, ஒரு தேவாலய முற்றத்தில் கிடந்த குழந்தைகளுக்கு அந்தப் பேச்சினால் என்ன பயன் என்று கேட்கும் உரிமை எமக்குண்டு. இதனால் அணுவாயுதக் கேள்வி எமக்குச் சிறிதாகிவிடவில்லை. மாறாக, வானத்திலிருந்து விழும் சாவை அறிந்த மக்கள் என்ற முறையில், ஒரு கணத்தில் ஒரு நகரம் முழுவதும் நவாலியாகும் என்பதன் பொருளை எவரையும்விட நாமே நன்கறிவோம்.

ஓராண்டின் பின், 1996 யூலை 8ஆம் நாள், ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் அணுவாயுதம் பற்றித் தன் கருத்தை வழங்கியது. அதன் பயன்பாடு பொதுவாகச் சட்டவிரோதமானது. ஆனால் ஒரு நாட்டின் உயிர்வாழ்வே ஆபத்துக்குள்ளாகும் நிலையில் திட்டமாகக் கூற இயலாது என்றது நீதிமன்றம். இலங்கையரான நீதியரசர் வீரமந்திரி அந்த 'ஆனால்' என்ற சொல்லை ஏற்கவில்லை. எந்தச் சூழ்நிலையிலும் அது சட்டவிரோதமே எனத் தனித் தீர்ப்பெழுதினார். பேரழிவு அத்திரங்களை மறுத்த இராமாயண, மகாபாரத மரபுகளையும் அவர் அதிலே எடுத்துக்காட்டினார். வல்லரசுக் கொள்கைக்கும் அவரது தீர்ப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: அவர் குண்டு யார் கையில் என்று கேட்கவில்லை, குண்டு ஏன் என்று கேட்டார்.

நாம் சொல்ல வேண்டியது

வேலியினால் பயனே விளையவில்லை என நாம் கூறவில்லை. 1975 அளவில் 15 முதல் 20 நாடுகளிடம் குண்டு இருக்கக்கூடுமென 1963இல் ஜனாதிபதி கென்னடி அஞ்சினார். இன்று ஒன்பது நாடுகளிடமே அது உண்டு. தென்னாபிரிக்கா செய்த குண்டுகளைத் தானே கலைத்தது. அமெரிக்கக் கையிருப்பும் 2023இல் 3,748 ஆகக் குறைந்திருந்தது. இவற்றில் ஒப்பந்தத்துக்குப் பங்குண்டு. வீதிகளில் இறங்கிய கோடிக்கணக்கான மக்களுக்கும் பங்குண்டு. ஆயினும், வேலியைக் காப்பவனே தோட்டத்தில் மேயும்வரை, வெளியே நிற்பவன் ஒருநாள் வேலியைப் பிரிக்கவே பார்ப்பான். இந்தியாவும் பாக்கித்தானும் வடகொரியாவும் அதைக் காட்டிவிட்டன. பரவலின் வேர் பரவாதவனிடம் இல்லை, வைத்திருப்பவனிடமே இருக்கின்றது.

2017இல் 122 நாடுகள் சேர்ந்து அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தை நிறைவேற்றின. 2021 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதிலே இரண்டு வகுப்புகள் இல்லை. குண்டு எவருக்கும் இல்லை. குண்டு வைத்திருக்கும் நாடுகளுள் ஒன்றுகூட அதிலே சேரவில்லை. 2023இல் இலங்கை அதிலே சேர்ந்தது. பரிசோதனைத் தடை ஒப்பந்தத்தையும் அதே ஆண்டில் உறுதிப்படுத்தியது. இந்த அரசுமீது எமக்குள்ள வழக்குகள் தீர்ந்துவிடவில்லை. தீராமல் அவற்றைக் கைவிடவும் மாட்டோம். ஆனால், நல்ல உறுதி ஒன்றிலே பொல்லாதவன் ஒப்பமிட்டாலும் உறுதி நல்லதே. அதைப் பற்றிப் பேசுவதும், எதிர்க்கரையிலே கூடங்குளத்துக்கும் கல்பாக்கத்துக்கும் அயலில் வாழும் மீனவரோடு சேர்ந்து கேள்வி கேட்பதும் எமது கடமை. மீன்வளத்துக்காக நாமும் அவர்களும் முரண்பட்டு நிற்கலாம்; சாம்பல் மழை பொழிந்தால் நனைவது இருவருமே.

எமது ஊர் வேலிகளிலே பொட்டு என்று ஒன்றுண்டு. அயலவர் தலைகுனிந்து புகுந்து, ஒரு கிண்ணம் கறியும் ஒரு சிரட்டை நெருப்பும் கொண்டுபோகும் வழி அது. கோடேறிச் சண்டையிட்ட வீடுகளுக்கிடையிலும் சாவீடு என்றால் அந்தப் பொட்டு திறக்கும். வேலி இருப்பது ஒருவன் மற்றவனை ஆள்வதற்கன்று, இருவரும் அடுத்தடுத்து வாழ்வதற்கே என்பதை நினைவூட்டுவது அது. வல்லரசுகள் நட்ட வேலியில் பொட்டு இல்லை. அதைத் திறக்கும் வேலை வேலிக்கு வெளியே நிற்கும் மக்களுக்கே உரியது.